புகையா பனியா என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்

பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களுக்கு,



கடைசி மணி அடித்து எல்லாரும் பேருந்தைப் பிடிக்க ஓடும் நேரத்தில், காலி வகுப்பறையில் இரண்டு மூன்று பிள்ளைகளை நிற்கவைத்து "இன்னொரு தடவை சொல்லு, ழகரம் சரியா வரல" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. பரிசு வந்தால் காலைக் கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். உங்கள் பெயரைச் சொல்ல மறந்தும் போவார்கள். போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து உங்கள் உழைப்பின் விளைச்சலைக் கேட்டு வருகிறவன் நான். மைக்கைப் பார்த்தாலே அழுதுவிடும் பிள்ளை ஒன்று, மறு ஆண்டு அதே மேடையில் நிமிர்ந்து நின்று பேசுவதைக் கண்டிருக்கிறேன். அது உங்கள் வேலை. அந்த மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் பழக்கும் பேச்சு மேடையோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பிள்ளை வீட்டில் தங்கையோடு சண்டை போடும்போதும், பின்னாளில் டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசும்போதும், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்துக்கு உட்காரும்போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை எல்லாருக்கும் தள்ளிவிடும்போதும் அதே பேச்சுதான் வரும். ஆகவே குரல், உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், கையசைவு ஆகியவற்றோடு இன்னொன்றையும் பழக்குங்கள் என்று கேட்கிறேன். நாம் சொல்லும் காரணம், நாம் சொல்லவரும் முடிவைத் தாங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம் அது.

நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பேச்சை எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். அதையொட்டி நடக்கும் போட்டிகளில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வாதத்தைச் சொல்வார்கள்: செல்போன் கோபுரம் வந்தது, குருவி போனது, ஆகவே கோபுரம்தான் குருவியைக் கொன்றது. 2018-இல் வெளிவந்த '2.0' படம் இந்த நம்பிக்கையை இன்னும் பரப்பியது. கண் கலங்கப் பேசும் பிள்ளைக்குக் கைதட்டலும் கிடைக்கும்.

இப்போது கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995-இல் நடந்தது. அதற்குப் பிறகான இதே ஆண்டுகளில் நம் தெருக்களில் வேறு என்னவெல்லாம் மாறின? ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தன. குருவி கூடு கட்டிய ஓட்டு இடுக்கும் சுவர்ப் பொந்தும் காணாமல் போயின. மளிகைக் கடை வாசலில் சாக்கு மூட்டையிலிருந்து சிந்திய தானியம், பாக்கெட்டுக்குள் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைப்பவர்கள் குறைந்தார்கள். குருவிக் குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சிதான் உணவு. புழக்கடைச் செடி கொடி போய்ச் சிமெண்டுத் தரை வந்ததும் பூச்சியும் போனது. இவ்வளவும் கோபுரத்தோடு ஒன்றாக நடந்தவை. பிரிட்டனில் வீட்டுக் குருவிகள் 1970-களிலேயே குறையத் தொடங்கிவிட்டன. அங்கே செல்பேசிச் சேவை வந்ததோ 1985-இல். நம் நாட்டில் பறவை நோக்கர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, குருவிகள் பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கின்றன என்றது.

இதனால் கோபுரத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டதாக ஆகாது. அந்தப் பிள்ளை சொன்ன காரணம் மட்டும் போதாது என்பதுதான் இதன் பொருள். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தது என்பதாலேயே அதனால் இது வந்தது என்று ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிகள் இதற்காகத்தான் சொல்லிவைத்தார்கள். பழமொழி வாயில் இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

குருவி விஷயத்தில் இந்தப் பிழையால் பெரிய கேடு இல்லை. ஆனால் இதே பிழை வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாமனாருக்கு நெஞ்சுவலி வருகிறது. "அவ வந்த நேரம் சரியில்ல" என்று யாரோ ஒரு அத்தை சொல்கிறார். அதோடு அந்தப் பெண்ணின் வாழ்க்கை வேறாகிவிடுகிறது. மாமனாரின் சர்க்கரை, அவர் நிறுத்திய மாத்திரை, பல ஆண்டுப் புகைப் பழக்கம் எதுவும் கணக்கில் வருவதில்லை. கடை நொடித்தாலும் அவள்தான் காரணம், மாடு செத்தாலும் அவள்தான். அதே மூன்று மாதத்தில் அந்த வீட்டில் நடந்த நல்ல காரியங்கள் எவை என்று யாரும் எண்ணுவதில்லை. குருவிப் பேச்சில் "வேறு என்னவெல்லாம் அப்போது மாறியது?" என்று கேட்கப் பழகிய பெண்ணோ பையனோ அந்தக் கூடத்தில் இருந்தால், "அத்தை, மாமாவுக்கு ரெண்டு வருஷமாவே பிரஷர் இருக்கே?" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடும். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிக்கு நாம் வெளியே எங்கும் போக வேண்டாம். மணிமேகலையில் காஞ்சியில் நடக்கும் பாடத்தை நினைத்துப்பாருங்கள். பஞ்சத்தில் வாடிய அந்த நகரத்து மக்களுக்கு அமுதசுரபியால் உணவளித்தபின், மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். அவர் எடுத்த எடுப்பில் தொடங்குவது அளவையில். ஒன்றை எப்படி அறிகிறோம், சொன்னதற்கு ஏது என்ன, அதற்கு எடுத்துக்காட்டு என்ன என்பதில். இருபத்தொன்பதாம் காதையான தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் வாதம் எங்கெல்லாம் போலியாகும் என்ற பட்டியல் வருகிறது. பக்கப் போலி (நாட்டவரும் முடிவில் வரும் பிழை) 9, ஏதுப் போலி (காரணத்தில் வரும் பிழை) 14, எடுத்துக்காட்டுப் போலி 10. ஆக 33. திக்நாகர் வழிவந்த பௌத்தத் தருக்கம் அப்படியே தமிழில் இறங்கியிருக்கும் இடம் அது. திக்நாகரே காஞ்சிப் பக்கத்தவர் என்று மரபு சொல்லும். நாம் பிள்ளைகளுக்கு மணிமேகலை என்றால் அமுதசுரபி என்று மட்டும் சொல்லித்தந்து, இந்தக் காதையைக் கடினம் என்று தாண்டிவிடுகிறோம். பசித்தவருக்குச் சோறு போட்ட கையோடு அவள் உட்கார்ந்து கற்றது இதைத்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

அந்தப் பாடத்தில் அடிப்படை எடுத்துக்காட்டு எளியது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது; ஏனென்றால் புகை தெரிகிறது; அடுக்களையில் காண்பது போல. பிறகு அது போலியாகும் இடங்களில் ஒன்றை அறவண அடிகள் காட்டுகிறார். கண்ணில் படுவது ஆவியா பனியா புகையா என்பதே ஐயமாக இருக்கும்போது, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது.

இதை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். ஒருவரைப் பற்றி அவதூறு கிளம்பினால் நாம் சொல்வது என்ன? "நெருப்பில்லாம புகையுமா?" இந்த ஒரு கேள்வியால் எத்தனை பெண்களின் படிப்பு நின்றிருக்கும், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்! புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி. ஆனால் அது புகைதானா என்று பார்த்தவர் யார்? ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர், அவர் சொன்னதைக் கேட்டு நாலு பேர் சொல்கிறார்கள். நாலு பேர் சொல்கிறார்கள் என்பதையே நாம் புகை என்று எடுத்துக்கொள்கிறோம். நாலு வாயும் ஒரே வாய் என்பதைப் பார்ப்பதில்லை.

2018-ஆம் ஆண்டு, வடமாநிலத்துக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படங்களும் ஒலிப்பதிவுகளும் சுற்றின. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்குப் போகும் வழியில் தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்ணைக் கடத்தல்காரி என்று எண்ணி அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவர் கொல்லப்பட்டார். நாட்டின் பல பகுதிகளிலும் அந்த மாதங்களில் இப்படி நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. போளூரில் அடித்தவர்கள் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளை நினைத்துப் பயந்த பெற்றோர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். பயம் உண்மையானது. கடத்துபவர் சாக்லேட் கொடுப்பார், இவர் சாக்லேட் கொடுத்தார், ஆகவே இவர் கடத்துபவர் என்ற தாவல் மட்டும் பொய். சாக்லேட் கொடுப்பவர்களில் பேரன் பேத்தி எடுத்த எல்லாக் கிழவிகளும் அடக்கம் என்பதை அந்த நேரத்தில் உரக்கச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. உரக்கப் பேசப் பழகியவர்கள் உங்கள் மாணவர்கள்.

பேச்சில் நுழையும் பிழைகளில் பல முட்டாள்தனத்தால் வருவதில்லை. பயம், அன்பு, அவமானம், களைப்பு ஆகியவற்றால் வருகின்றன. அதனால்தான் படித்தவர்களிடமும் குறைவில்லாமல் இருக்கின்றன.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். இந்தக் கலை மேல் எனக்கு உள்ள பற்றில் குறைவில்லை. ஆனால் "குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா மனைவியா" என்று தலைப்புக் கொடுக்கும்போதே, இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் மனத்தில் பதிகிறது. விளையாட்டுக்கு அந்த எல்லை வேண்டும்தான். விளையாட்டு முடிந்ததும் எல்லையை அழித்துக்காட்ட யாராவது வேண்டும். வருமானம், உடல்நலம், மாமனார் மாமியார், வீட்டு வாடகை, மதுக்கடை என்று மேடைக்கு வராத காரணங்களை ஒத்திகை முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லலாம். இல்லாவிட்டால் இதே வார்ப்பு நாளை அடுப்பங்கரைக்குப் போகும்: "நீங்க உங்க அம்மா பக்கமா, என் பக்கமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வாயடைத்து நிற்கும் ஆண்பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பதில் தெரியாததற்குக் காரணம், கேள்வியே கோணல் என்று சொல்லப் பழகாததுதான்.

எதிரணி சொன்னதைச் சற்றே திருகி, அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்து, பிறகு அதை அடித்து நொறுக்குவதும் மேடையில் பாராட்டுப் பெறும் வித்தை. "எதிரணித் தலைவர் பெண்கள் படிக்கவே கூடாது என்கிறார்!" என்பார் ஒரு சிறுவர். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அதே சிறுவர் வீட்டில் அம்மா "பத்து மணிக்கு மேல போன் வேண்டாம்பா" என்றால், "அப்ப எனக்கு ஃபிரெண்ட்ஸே இருக்கக் கூடாதா?" என்று கத்துவார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் அம்மா முதலில் சொன்ன விஷயம் எங்கோ போய்விடுகிறது. இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. எதிரணி சொன்னதை முதலில் எதிரணியே தலையாட்டும்படி திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் மறுக்க வேண்டும் என்று ஒத்திகையில் விதி வையுங்கள். பிள்ளைகளுக்கு இது முதலில் மிகவும் கடினமாக இருக்கும். கேட்கும் பழக்கம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் கடினம்.

பட்டிமண்டபம் என்ற பெயரே மணிமேகலையில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்து அறிவிக்கும் இடத்தில், வாதம் செய்யும் சமயத்தார் முறையறிந்து அதில் ஏறுங்கள் என்கிறார்கள். அதே அறிவிப்பில், பகைவராகவே இருந்தாலும் அவரிடம் சினமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் ஏறும் மேடையின் முதல் விதி அதுதான்.

சொன்னது யார் என்பதைப் பற்றியும் ஒரு சொல். "நீ சொல்ல வந்துட்டியா? முதல்ல உன் பிள்ளையைத் திருத்து", "கல்யாணமே ஆகாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று ஆளை அடித்து வாதத்தை மூடுவது நம் வீடுகளில் தினமும் நடப்பது. இதன் மறுபக்கமும் உண்டு. திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே ஒப்புக்கொண்டது என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. நாசா என்ற பெயர் வந்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வேகத்தால்தான் மேலே இருக்கிறது, அந்த வேகம் போனால் அது விழத் தொடங்கும் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்ல முடியும். இவ்வளவு காலமாக மக்கள் போய் வணங்கும் அந்தக் கோவிலுக்கு இப்படி ஒரு பொய்ச் சான்று தேவையும் இல்லை. அதேநேரம் ஆளைப் பார்ப்பது எப்போதுமே தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவர் சொன்னால், விற்பவர் என்பதை நினைவில் வைத்துத்தான் கேட்க வேண்டும். நினைவில் வைப்பது வேறு, அதனாலேயே பொய் என்று முடிவுகட்டுவது வேறு. தண்ணீரை வேறொருவரிடம் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

"எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு வாழ்ந்தார்" என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். அந்தத் தாத்தா உண்மையாகவே வாழ்ந்திருப்பார். பீடியால் ஐம்பதில் போன தாத்தாவைப் பற்றிப் பெருமை பேசப் பேரன் இருப்பதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் 1951-இல் தொடங்கி மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து ரிச்சர்ட் டாலும் அவரது குழுவினரும் 2004-இல் வெளியிட்ட முடிவு, புகைப்பதை விடாதவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள் என்பது. சராசரி என்ற சொல்லுக்குள் அந்தத் தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்கும் இடம் இருக்கிறது.

அடுத்தது உங்களைப் பற்றியது, ஆகவே கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். "திட்டினாத்தான் சார் வேலை நடக்குது" என்று ஒத்திகை அறைகளில் கேட்கிறேன். ஆதாரமும் கண்முன் இருக்கிறது. நேற்று மோசமாகப் பேசியவனைத் திட்டினேன், இன்று நன்றாகப் பேசினான். நேற்று அருமையாகப் பேசியவளைப் பாராட்டினேன், இன்று சொதப்பிவிட்டாள். ஆகவே திட்டுப் பலிக்கிறது, பாராட்டுக் கெடுக்கிறது.

2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமன் இளம் பேராசிரியராக இருந்தபோது, இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே கற்றலுக்கு உதவும் என்று அவர் சொன்னதும், அனுபவம் மிக்க பயிற்றுநர் ஒருவர் எழுந்து இதே வாதத்தை வைத்தார். அழகாகச் சாகசம் செய்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகச் செய்கிறான். மோசமாகச் செய்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான் என்றார். கானெமன் அங்கேயே தரையில் ஒரு குறி வரைந்து, ஒவ்வொருவரையும் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயங்களை எறியச் சொன்னார். முதல் எறியில் குறிக்கு மிக அருகில் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் எறியில் விலகிப் போட்டார்கள். முதலில் மிக மோசமாகப் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் தேறினார்கள். யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. மிக நல்ல நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவும், மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் சற்று மேலாகவும் இருப்பது ஏற்ற இறக்கம் உள்ள எதற்கும் இயல்பு.

மோசமான நாளில்தான் நாம் திட்டுகிறோம். ஆகவே திட்டுக்குப் பின் முன்னேற்றம் வருவதை வாழ்நாள் முழுக்கக் காண்கிறோம். கண்ணால் கண்டது என்பதால் அதை அசைக்கவும் முடிவதில்லை. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி அதற்கு மேல் முத்திரை குத்திவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் நம் கண் நமக்குக் காட்டிய ஆதாரமே தவறாகப் படிக்கப்பட்டது என்று அறிந்த ஆசிரியர், சட்டம் இல்லாவிட்டாலும் பாராட்டத் தயங்கமாட்டார்.

எச்சரிக்கையாக ஒன்று. பிழைகளின் பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். பெயர் தெரிந்த பிள்ளை அதை எடுத்து முதலில் எறிவது வீட்டில் இருப்பவர்கள் மேல். "பைக் எடுக்காதே, ராத்திரி கெட்ட கனவு வந்துச்சு" என்கிறார் ஓர் அம்மா. கனவு நல்ல காரணம் இல்லைதான். ஆனால் பதினாறு வயதில், உரிமம் இல்லாமல், தலைக்கவசம் இல்லாமல் பைக் எடுக்கக் கூடாது என்ற முடிவு முழுக்கச் சரி. காரணம் தவறானதாலேயே முடிவும் தவறு என்று எண்ணுவது இன்னொரு பிழை. "அம்மா, நீ சொல்றது லாஜிக்கே இல்ல" என்று சொல்லும் பையனைவிட, "உனக்கு என்னம்மா பயமா இருக்கு?" என்று கேட்கும் பையனுக்கு அந்த அம்மா உண்மையான காரணத்தைச் சொல்வார். பக்கத்துத் தெருவில் போன மாதம் நடந்த விபத்தைச் சொல்வார். பிழையைக் காணும் கண் வேண்டும் என்கிறேன், அதை வைத்துக் குத்தும் நாக்கு வேண்டும் என்று சொல்லவில்லை.

இப்படிக் கேள்வி கேட்கப் பழகினால் பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவார்கள், விதண்டாவாதிகளாகிவிடுவார்கள் என்று சிலர் கவலைப்படுவீர்கள். நியாய நூலார் விதண்டை என்று தனியாகப் பிரித்துவைத்தது, தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லாமல் அடுத்தவர் சொல்வதை இடிப்பதை மட்டுமே. உண்மையைக் காண இருவரும் சேர்ந்து பேசுவதை வாதம் என்றும், வெற்றிக்காக எதையும் செய்வதை வேறு பெயரிட்டும் அவர்கள் பிரித்தார்கள். நான் கேட்பது பிள்ளை முதலில் தன் பேச்சையே சோதிக்க வேண்டும் என்பது. தன் காரணத்தைத் தானே சந்தேகித்துப் பார்த்த பிள்ளை அடுத்தவரிடம் பணிவாகத்தான் கேட்கும். மரியாதை குறைவது குரலில், சொல்லும் விதத்தில். அதைத் திருத்த உங்களைவிட வல்லவர்கள் யார்?

நடைமுறையில் நான் கேட்பது கொஞ்சம்தான். பேச்சை நீங்களே முழுக்க எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தே தீர வேண்டிய சிறு வகுப்பென்றால், அதில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு கட்டம் விட்டு, அதைப் பிள்ளையே நிரப்பட்டும். நூலகத்தில் பார்த்ததா, அப்பா சொன்னதா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று எழுதட்டும். "தெரியல" என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வரியை மேடையில் "என்று சொல்லப்படுகிறது" என்று மாற்றிப் பேசவையுங்கள். ஒத்திகையில் மாதம் ஒருமுறை பிள்ளைகள் அணி மாறி, நேற்றுவரை எதிர்த்த பக்கத்துக்காகப் பேசட்டும். வீட்டில் கேட்ட ஒரு வாக்குவாதத்தைப் பெயர் சொல்லாமல் வந்து சொல்லட்டும். அதில் யார் எங்கே தாவினார்கள் என்று சேர்ந்து பாருங்கள், யாரையும் ஏளனம் செய்யாமல்.

போட்டியில் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் முழங்கிப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டால் உங்கள் பிள்ளை வாடிப்போகும் என்பதும் நியாயமான கவலைதான். அங்கே பொறுப்பு எங்களைப் போன்ற நடுவர்களுடையது. மதிப்பெண் தாளில் குரலுக்கும் நடைக்கும் நினைவாற்றலுக்கும் கட்டம் இருக்கிறது, காரணத்துக்கு இல்லை. பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் நடுவர் கேள்வி கேட்கவும், அதற்குப் பத்து மதிப்பெண் வைக்கவும், "நான் சொன்னது அவ்வளவு உறுதியில்லை, திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பத்தில் குறைக்காமல் கொடுக்கவும் விதி வேண்டும். உங்கள் வட்டாரத்தில் அடுத்த போட்டிக்கு விதி எழுதும்போது இதைக் கேளுங்கள். நடுவராக என்னை அழைக்கும் இடங்களில் நானும் கேட்கிறேன். கேள்விக்கான இரண்டு நிமிடத்துக்கு நேரம் இல்லை என்று அமைப்பாளர்கள் சொன்னால், பரிசளிப்பு உரைகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு வரும் நடுவர் ஒருவன்